ஒரே படத்தில் வெயிலும் நிழலும்: ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு தேடல்

தொழில்நுட்பமும் வாழ்க்கையும் என்ற தலைப்பில் நாம் நடத்திவரும் உரையாடலில் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது புகைப்படம். குறிப்பாக, ‘எச்.டி.ஆர்.’ என்று நம் கைத்தொலைபேசிகளில் மூன்று எழுத்துகளாக ஒளிரும் ஒரு வசதி. ‘ஹை டைனமிக் ரேஞ்ச்’ என்பதன் சுருக்கம் அது. தமிழில் ‘உயர் ஒளிவீச்சு’ என்று சொல்லலாம்.

இது கைத்தொலைபேசி நிறுவனங்கள் அண்மையில் கண்டுபிடித்த வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். கணினியில் படங்களைத் திருத்தத் தெரிந்தவர்கள், ‘ஃபோட்டோஷாப்’ மென்பொருளில் பிறந்தது என்பார்கள். இரண்டுமே சரியல்ல. இந்தத் தேடல் தொடங்கியது 1850-களில், கண்ணாடித் தட்டில் படமெடுத்த காலத்தில். ஓவியர்கள், வேதியியலாளர்கள், அணுகுண்டுச் சோதனையைப் படமெடுத்தவர்கள், கணினி விஞ்ஞானிகள் எனப் பலர் கைமாறி வந்த வரலாறு இது. அந்த வரலாற்றோடு ஒரு கேள்வியும் தொடர்ந்து வந்திருக்கிறது. பல படங்களைச் சேர்த்து உருவாக்கிய ஒரு படத்தை ‘உண்மை’ என்று நாம் நம்பலாமா? நாளிதழ் படிக்கும் நம் எல்லாருக்கும் பொருந்தும் கேள்வி இது.

கண் வேறு, கேமரா வேறு

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். பகல் வேளையில் சன்னலுக்கு முன்னால் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுங்கள். முகம் தெளிவாக இருந்தால் சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிடும். வெளியே மரமும் வானமும் தெளிவாக இருந்தால் முகம் கரிக்கட்டை போலாகிவிடும். ஆனால் நேரில் பார்க்கும்போது நமக்கு இரண்டுமே தெரிகின்றன. ஏன்?

நம் கண் ஒரே நொடியில் முழுக் காட்சியையும் பதிவு செய்வதில்லை. முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கு ஏற்பவும், சன்னலைப் பார்க்கும்போது சன்னலுக்கு ஏற்பவும் தன்னைச் சரிசெய்துகொண்டே போகிறது. மூளை அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு காட்சியாகத் தருகிறது. நட்சத்திர வெளிச்சத்திலும் நமக்குப் பார்வை உண்டு, நடுப்பகல் வெயிலிலும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்துக் கோடி மடங்கு அளவில் இருக்கும்.

கேமராவுக்கு இந்த வசதி இல்லை. ஒரு முறை திறந்து மூடினால், ஓர் அளவு ஒளிதான். படக்கலைஞர்கள் இதை ‘ஸ்டாப்’ என்ற அலகில் கணக்கிடுவார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. கேமரா பிடிக்கக்கூடிய அளவைவிடக் காட்சியின் ஒளி வேறுபாடு அதிகமானால், ஒரு பக்கம் வெளுத்துப் போகும், அல்லது மறுபக்கம் கறுத்துப் போகும்.

கேமரா பிடித்துவிட்டாலும் சிக்கல் தீராது. அதைக் காட்டுவதற்குத் தாள் வேண்டும், அல்லது திரை வேண்டும். நல்ல பளபளப்பான புகைப்படத் தாளிலேயே மிக வெள்ளையான இடத்துக்கும் மிகக் கறுப்பான இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்குதான். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் நாளிதழ்த் தாளில் அதைவிடவும் குறைவு. ஆக, பெரிய ஆற்றைச் சிறிய குடத்தில் அடக்கும் வேலை இது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

வானத்தைத் தேடிய பிரெஞ்சுக்காரர்

இந்த முடிவைத் துணிந்து எடுத்த முன்னோடிகளில் மறக்க முடியாதவர் குஸ்தாவ் லெ கிரே. 1820-இல் பிரான்சில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், பிறகு புகைப்படத்துக்கு வந்தவர்.

அன்றைய புகைப்படத் தட்டுகளுக்கு ஒரு குறை உண்டு. அவை நீல நிறத்துக்கும் புற ஊதா ஒளிக்கும் மட்டுமே நன்றாக வேலை செய்யும். நீல வானம் அந்தத் தட்டில் அளவுக்கு மீறிப் பதிவாகிவிடும். அதனால்தான் அக்காலப் படங்களில் கட்டடமும் மரமும் தெளிவாக இருந்தாலும் வானம் மேகமே இல்லாத வெள்ளைத் துணிபோல இருக்கிறது. 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயங்களைச் சேர்த்தால் தட்டு மற்ற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்த பிறகே இந்தக் குறை மெல்ல நீங்கியது.

லெ கிரே அதுவரை காத்திருக்கவில்லை. 1856 முதல் அவர் கடற்காட்சிகளை எடுக்கத் தொடங்கினார். சில படங்களில் ஒரே தட்டிலேயே கடலும் மேகமும் அமைந்துவிட்டன. அமையாத இடங்களில் அவர் வேறு வழி கண்டார். வானத்துக்கென்று அளந்த ஒளியில் ஒரு தட்டு, கடலுக்கென்று அளந்த ஒளியில் இன்னொரு தட்டு. இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் பிரான்சின் தெற்கே செத் நகரக் கடற்கரையில் எடுத்த ‘பெரிய அலை’ இவ்வாறு உருவான படம். மேகம், அலை, பாறை மூன்றும் ஒரே படத்தில் இருப்பதைக் கண்டு இலண்டனிலும் பாரிஸிலும் மக்கள் வியந்தார்கள். 1999-இல் இலண்டனில் நடந்த ஏலத்தில் அதன் ஒரு பிரதி 5 இலட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. ஒரு புகைப்படத்துக்கு அன்றைய தேதியில் அது சாதனை விலை.

இன்று நாம் மென்பொருளில் செய்வதன் அடிப்படை இதுதான். வெளிச்சமான பகுதிக்கு ஒரு பதிவு, இருளான பகுதிக்கு ஒரு பதிவு, இறுதியில் ஒரே படம்.

ஆனால் இங்கே ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். லெ கிரே ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேலே பயன்படுத்தியிருக்கிறார். அந்த மேகம் அந்த அலைக்கு மேலே நின்றதே இல்லை. அழகுக்காக ஒட்டவைத்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரைலாண்டர் 30-க்கும் மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்து ஒரு படம் (1857) செய்தார். ஹென்றி பீச் ராபின்சன், நோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் இறுதி நேரத்தைச் சித்திரிக்கும் படத்தை (1858) ஐந்து தட்டுகளில் உருவாக்கினார். இது புகைப்படமா, ஏமாற்றா என்ற சர்ச்சை அப்போதே எழுந்துவிட்டது. நாம் இன்று செய்யும் விவாதம் புதிதல்ல.

லெ கிரேயின் பிற்காலம் கசப்பானது. 1860-இல் அவரது பாரிஸ் நிலையம் மூடப்பட்டது. எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவுடன் மத்தியதரைக் கடலில் பயணம் புறப்பட்டவர், இடையில் அவரைப் பிரிந்து மால்டாவில் நின்றுவிட்டார். பிறகு எகிப்துக்குப் போய், ஓவியம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்து, 1884-இல் கெய்ரோவில் காலமானார். பிரான்சுக்கு அவர் திரும்பவேயில்லை.

அளவுகோல் வந்தது

லெ கிரேயின் வழி கைப்பழக்கத்தில் வந்த வழி. அதை அறிவியலாக்கியவர்கள் இங்கிலாந்தின் விட்னஸ் நகர வேதியியல் ஆலையோடு தொடர்புடைய இரு நண்பர்கள். ஒருவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர். மற்றவர் வீரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட். 1890-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தட்டில் விழும் ஒளிக்கும் அதனால் தட்டில் ஏற்படும் கறுமைக்கும் என்ன தொடர்பு என்பதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியது.

அந்தக் கோடு ‘எஸ்’ எழுத்தைச் சாய்த்து இழுத்ததுபோல இருக்கும். மிகக் குறைந்த ஒளியில் தட்டு ஏறக்குறைய எதையும் உணராது. நடுப்பகுதியில் சீராக உணரும். மிக அதிக ஒளியில் ‘போதும்’ என்று நின்றுவிடும். அதாவது, தட்டு ஒளியை அப்படியே பதிவு செய்வதில்லை, தன் இயல்புக்கேற்ப வளைத்துத்தான் பதிவு செய்கிறது. இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கணினி விஞ்ஞானிகளுக்கு இது திறவுகோலானது.

பியானோ பயின்ற படக்கலைஞர்

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) பெயரைப் புகைப்பட ஆர்வலர்கள் அனைவரும் அறிவர். இளமையில் பியானோ கலைஞராக வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர். எதிர்ப்படம் என்பது இசைக் குறிப்பு, அச்சிட்ட படம் என்பது அதை வாசித்துக் காட்டுவது என்று ஒப்பிட்டவர். 1940-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, சக ஆசிரியர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ‘சோன் சிஸ்டம்’ என்ற முறையை அவர் வகுத்தார். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை உள்ள இடைவெளியை 0 முதல் 10 வரை வட்டாரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காட்சியின் எந்தப் பகுதி எந்த வட்டாரத்தில் விழ வேண்டும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே மனத்தில் தீர்மானித்துவிட வேண்டும்.

1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் அவர் எடுத்த நிலவு உதயப் படம் உலகப் புகழ்பெற்றது. மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளின்மீது மறைந்துகொண்டிருந்தது. ஒளி அளக்கும் கருவி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த பல ஆண்டுகள் அவர் அந்த ஒரே எதிர்ப்படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். இருட்டறையில் சில இடங்களுக்கு ஒளியை மறைத்து வெளுக்க வைப்பது ‘டாட்ஜிங்’, சில இடங்களுக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைப்பது ‘பர்னிங்’. காலம் செல்லச் செல்ல அவரது அச்சுகளில் வானம் மேலும் மேலும் கறுத்தது. ஒரே எதிர்ப்படம், ஆனால் வெவ்வேறு படங்கள்! இன்றும் ஃபோட்டோஷாப்பில் இந்த இரண்டு வேலைக்கும் அதே பெயர்களில் கருவிகள் இருக்கின்றன. குச்சியில் செருகிய வட்ட அட்டை ஒன்றும், குவித்த கை ஒன்றும் அவற்றின் சின்னங்கள். இருட்டறையில் படக்கலைஞர்கள் பயன்படுத்திய அட்டையும் கையும்தான் அவை.

அணுகுண்டைப் படமெடுத்தவர்

அடுத்து வருபவர் சார்ல்ஸ் வைக்காஃப். அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகளைப் படமெடுக்கும் பணியில் ஈடுபட்டவர். குண்டு வெடிக்கும் நொடியில் சூரியனையும் மிஞ்சும் வெளிச்சம், சில நொடிகளில் சாதாரண நிலை. இதை எந்தப் படச்சுருளும் தாங்காது. வைக்காஃப் ஒரே படச்சுருளில் மூன்று படலங்களை வைத்தார். ஒன்று மங்கலான ஒளியையும் உணரும், இன்னொன்று நடுத்தரம், மூன்றாவது மிகக் கடுமையான ஒளியை மட்டுமே உணரும். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் பதிவாகும். எது தேவையோ அந்த நிறத்தைப் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். இதற்கான காப்புரிமை 1969-இல் அவருக்குக் கிடைத்தது. இரண்டு தட்டுகளில் லெ கிரே செய்ததை வைக்காஃப் ஒரே சுருளில், ஒரே நொடியில் செய்தார்.

கணினிக்குள் நுழைந்த ஒளி

எண்முறைக் கேமராக்கள் வந்தபோது பழைய சிக்கல் புது வடிவத்தில் வந்தது. நாம் வழக்கமாகப் பார்க்கும் ‘ஜேபெக்’ படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரையிலான எண்கள் மட்டுமே உண்டு. 255 என்பது கூரை. வெள்ளைச் சட்டையும் 255, அதற்குப் பின்னால் நிற்கும் சூரியனும் 255. உண்மையில் அவற்றின் ஒளியில் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இருந்தாலும் படத்துக்கு அது தெரியாது.

இந்தக் கூரையை உடைத்த முன்னோடி கிரெக் வார்ட். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், ஒரு கட்டடம் கட்டுவதற்கு முன்பே அதற்குள் வெளிச்சம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் ‘ரேடியன்ஸ்’ என்ற மென்பொருளை 1985 முதல் உருவாக்கினார். அதற்கு உண்மையான ஒளி அளவுகளைச் சேமிக்க வேண்டியிருந்தது. மூன்று நிறங்களுக்கு மூன்று எண்கள், அவற்றை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதற்கு நான்காவதாக ஓர் எண். இந்த எளிய யோசனை, சூரியனையும் மெழுகுவர்த்தியையும் ஒரே கோப்பில் வைக்க இடம் கொடுத்தது.

1995-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவ் மான், ரோசலின்ட் பிக்கார்ட் இருவரும், வெவ்வேறு ஒளி அளவில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்து ஒளிவீச்சை விரிவாக்கும் முறையை விளக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997-இல், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனையானது. மாலிக் இந்தியாவின் மதுராவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சிகளில் ஒன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் உட்புறம். வண்ணக் கண்ணாடிகளில் வெயில், மூலைகளில் இருட்டு. 30 நொடியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பாதியாக்கி, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மொத்தம் 16 படங்கள் எடுத்தார்கள். ஒரே புள்ளி இந்த 16 படங்களிலும் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு, ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வரைந்த அந்த வளைகோட்டைக் கணினியே கண்டுபிடித்துவிடும். வளைகோடு தெரிந்துவிட்டால், அதைத் திருப்பிப்போட்டு, உண்மையில் எவ்வளவு ஒளி வந்தது என்று கணக்கிட்டுவிடலாம். அந்தத் தேவாலயத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஓர் இலட்சம் மடங்கையும் தாண்டியிருந்தது. அத்தனையும் ஒரே கோப்பில்!

திரைப்படத்துறை இதை உடனே பிடித்துக்கொண்டது. படப்பிடிப்புத் தளத்தில் பளபளக்கும் உருண்டை ஒன்றை வைத்து, அதைப் பல ஒளி அளவுகளில் படமெடுத்தால், அந்த இடத்தின் வெளிச்சம் முழுவதும் பதிவாகிவிடும். கணினியில் உருவாக்கிய உருவங்களுக்கு அதே வெளிச்சத்தைப் பாய்ச்சலாம். கணினியில் பிறந்த உருவங்கள் நடிகர்களுக்குப் பக்கத்தில் நின்றாலும் நம் கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குடத்தில் அடக்கும் கலை

ஒளியைப் பிடித்தாயிற்று. அதைச் சாதாரணத் திரையில் எப்படிக் காட்டுவது? இதற்கு ‘டோன் மேப்பிங்’ என்று பெயர். பரந்த ஒளிவீச்சைச் சுருக்கி, திரைக்கும் தாளுக்கும் ஏற்பப் பொருத்தும் கலை. 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் அவரது குழுவினரும் ஒரு புகழ்பெற்ற முறையை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டது எது தெரியுமா? ஆன்சல் ஆடம்ஸின் சோன் சிஸ்டம்! இருட்டறையில் கை செய்த வேலையைக் கணக்காக எழுதி, கணினியிடம் ஒப்படைத்தார்கள்.

2003-இல் ‘ஃபோட்டோமேட்டிக்ஸ்’ மென்பொருள் வந்தது. 2005-இல் வெளியான ஃபோட்டோஷாப் சி.எஸ்.2 பதிப்பில் பல படங்களை ஒன்றாக்கும் கட்டளை சேர்க்கப்பட்டது. அதுவரை ஆய்வுக்கூடத்தில் இருந்த வித்தை வீட்டுக் கணினிக்கு வந்தது.

செய்முறை எளிது. கேமராவை முக்காலியில் நிறுத்த வேண்டும். துவாரத்தின் அளவை மாற்றாமல், திறக்கும் நேரத்தை மட்டும் மாற்றி, குறைந்தது மூன்று படங்கள் எடுக்க வேண்டும். ஒன்று சரியான ஒளியில், ஒன்று இரண்டு ஸ்டாப் குறைவாக, ஒன்று இரண்டு ஸ்டாப் கூடுதலாக. மென்பொருள் இவற்றை அசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, 32 பிட் கோப்பாக்கும். இந்தக் கோப்பில் 255 என்ற கூரை கிடையாது. பிறகு டோன் மேப்பிங். இடையில் யாராவது நடந்துபோனாலோ மரக்கிளை ஆடினாலோ ஆவிபோல நிழல் விழும். அதை நீக்கும் வசதி 2010-இல் வந்த சி.எஸ்.5 பதிப்பில் சேர்ந்தது.

வசதி வந்ததும் விபரீதமும் வந்தது. அந்த ஆண்டுகளில் வெளியான எத்தனையோ படங்களில் மேகங்கள் புகையாகக் கொதித்தன, கட்டடங்களைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது, புல் நெகிழிபோல மின்னியது. நிழலே இல்லாத உலகம்! நிழல் இருந்தால்தானே பொருளுக்கு வடிவம் தெரியும்? எல்லா இடத்தையும் சமமாக வெளிச்சமாக்கினால், பார்ப்பவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐபோனில் எச்.டி.ஆர். வந்தது. 2013-இல் கூகிள் நிறுவனம் தன் நெக்சஸ் 5 கைத்தொலைபேசியில் வேறொரு பாதையைக் காட்டியது. வெவ்வேறு அளவில் எடுக்காமல், குறைவான ஒளியில் பல படங்களை மடமடவென எடுத்துச் சேர்ப்பது. ஒளி குறைவாக எடுத்ததால் வானம் வெளுக்காது. பல படங்களின் சராசரியை எடுப்பதால், இருண்ட பகுதியில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் அடங்கிவிடும். முக்காலியும் தேவையில்லை. இன்று நாம் பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது, பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது பல படங்களின் கூட்டு. நாம் கேட்காமலே அது நடக்கிறது.

முகங்களின் கதை

நேயர்களே, இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. தொலைக்காட்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களைப் போன்ற படைப்பாளர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடங்களில் ஒன்று, தூய வெள்ளைச் சட்டை போடாதீர்கள் என்பது. வெள்ளைச் சட்டைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் முகம் கறுத்துவிடும். முகத்துக்கு ஏற்பக் கூட்டினால் சட்டை வெளுத்து, கேமராவின் சிறு திரையில் ‘ஸீப்ரா’ எனப்படும் எச்சரிக்கை வரிகள் ஓடும். என் நிறத்தில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் கூடுதல்.

வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா நிற்க, சட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்து முகம் இருளில் மூழ்கிய பழைய படங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் இல்லாமலா இருக்கின்றன? அந்த முகம் கறுத்துப்போனதற்குத் தாத்தாவின் நிறம் மட்டும் காரணமல்ல. கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் லோர்னா ரோத் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. வண்ணப் படங்கள் சரியாக அச்சாகின்றனவா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பும். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்று அதைச் சொல்வார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலுக்கு வெளியே இருந்தன. சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமான்களின் பழுப்பும் சரியாகத் தெரியவில்லை என்று விளம்பரதாரர்கள் முறையிட்டதும் படச்சுருளை மேம்படுத்தத் தூண்டுகோலானது என்று அந்த ஆய்வு கூறுகிறது. பல இனத்துப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. 2021-இல் கூகிள், கறுத்த தோல் நிறங்களைச் சரியாகப் பதிவு செய்வதற்கென்றே தன் பிக்சல் 6 கைத்தொலைபேசியில் தனி முயற்சி எடுத்தது.

ஆகவே, எந்த ஒளி முக்கியம், எந்த முகம் தெரிய வேண்டும் என்ற முடிவு ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது. முன்பு அந்த முடிவைப் படச்சுருள் எடுத்தது. இப்போது மென்பொருள் எடுக்கிறது.

எது உண்மைப் படம்?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 2013-இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு, சுவீடனைச் சேர்ந்த பால் ஹான்சனுக்குக் கிடைத்தது. 2012 நவம்பரில் காசாவில், இரண்டு குழந்தைகளின் உடல்களை ஏந்தி ஒரு குறுகிய சந்தில் நடந்துவரும் ஆண்களின் படம் அது. முகங்களின்மீது விழுந்திருந்த வெளிச்சம், திரைப்படக் காட்சி போன்ற உணர்வைத் தந்தது. இது பல படங்களை ஒட்டிச் செய்தது என்று ஒருவர் இணையத்தில் குற்றம் சாட்ட, உலகமெங்கும் சர்ச்சை வெடித்தது. பரிசு அமைப்பு நிபுணர்களைக் கொண்டு மூலக் கோப்பை ஆராய்ந்தது. ஒட்டுவேலை இல்லை, படம் உண்மையானதே, ஆனால் நிறமும் ஒளியும் திருத்தப்பட்டுள்ளன என்பது அவர்களின் முடிவு. ஒரே மூலக் கோப்பை வெவ்வேறு அடர்த்தியில் பதப்படுத்திச் சேர்த்ததாக ஹான்சன் விளக்கினார். கண் பார்த்ததைத் திரும்பக் கொண்டுவருவதே நோக்கம் என்றார்.

அந்தச் சந்தில் சோகம் உண்மை. அந்த ஆண்களின் கண்ணீர் உண்மை. ஆனால் உலகம் சில வாரங்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் மென்பொருளைப் பற்றிப் பேசியது. அளவுக்கு மீறிய மெருகு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? 2015-இல் அதே போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முந்தைய கட்டத்தை எட்டிய படங்களில் 20 விழுக்காடு, விதிமீறிய திருத்தங்களுக்காகத் தள்ளுபடி செய்யப்பட்டன.

என் கருத்து இதுதான். ஒளியைச் சேர்ப்பது வேறு, பொருளைச் சேர்ப்பது வேறு. ஸ்டான்ஃபோர்ட் தேவாலயத்தின் 16 படங்களிலும் இருந்தது அதே தேவாலயம், அதே வெயில். அவற்றைச் சேர்த்ததால் பொய் எதுவும் உள்ளே வரவில்லை, ஒரே படம் தொலைத்திருக்கக்கூடிய உண்மைதான் மீட்கப்பட்டது. வேறொரு நாளின் மேகத்தைக் கொண்டுவந்து கடலுக்கு மேலே வைத்த லெ கிரேயின் வேலை அழகான கலை. ஆனால் அதைச் செய்தியாகத் தர முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. பொருளை மாற்றாமல், ஒளியை மட்டும் மாற்றி, காட்சியின் உணர்வையே மாற்றிவிடுவது. மந்தமான பகலைப் புயல் வேளையாகக் காட்டுவது, சாதாரணக் கூட்டத்தைக் கலவரம்போலக் காட்டுவது. விதிப்புத்தகத்தால் இதைப் பிடிப்பது கடினம். பிடிக்க வேண்டியது படம் எடுப்பவரின் மனசாட்சியும், பார்ப்பவரின் விழிப்பும்தான்.

நம் வீட்டு அளவிலும் இது பொருந்தும். திருமணப் படங்களையும் பெரியவர்களின் படங்களையும் மென்பொருளில் அழகுபடுத்துகிறோம். செய்யலாம், தவறில்லை. ஆனால் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ஆடம்ஸ் ஒரே எதிர்ப்படத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் எடுத்து வேறு விதமாக அச்சிட முடிந்ததற்குக் காரணம், அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். இன்றைக்கு நமக்குப் பிடித்த மெருகு நாளை பிள்ளைகளுக்கு அசிங்கமாகத் தெரியலாம். 2023 முதல் ஃபோட்டோஷாப்பின் துணை மென்பொருள்களிலேயே, அதற்கேற்ற திரையில், ஒளிவீச்சைப் பெரிதும் சுருக்காமல் காட்டும் வசதி வந்துவிட்டது. அதாவது, குடமே பெரிதாகிக்கொண்டிருக்கிறது. மூலக் கோப்பு இருந்தால்தான் அதில் ஊற்ற முடியும்.

அடுத்த முறை நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ மிக அழகான ஒரு படத்தைப் பார்க்கும்போது, இதில் வெயில் எங்கிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு கணம் கவனியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், ஏன் என்று கேளுங்கள். கேட்பது வாசகரின் உரிமை. பதில் சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற ஊடகத்தாரின் கடமை.